இரத்தக் குழாய்க்குள் எதிரொலி

சென்ற ஆண்டு என் தாத்தாவிற்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். திரையில் இதய இரத்தக் குழாய் ஒரு கரிய கோடாகத் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தது. ஆனால் அது குழாயில் ஓடும் சாயத்தின் நிழலே. சுவரில் படிந்த கொழுப்பு எவ்வளவு தடிப்பு, சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிட்டதா என்பதை நிழல் சொல்லாது. அங்கே வைக்கும் ஸ்டென்ட் சிறிதானால் சுவரோடு ஒட்டாது. பெரிதானால் சுவர் கிழியக்கூடும். ஆகவே சுவரையே பார்த்தாக வேண்டும்.

அதற்கு உதவுவது மீயொலி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று 1880-இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் கண்டனர். மின்சாரம் கொடுத்தால் அவை அதிரவும் செய்யும். ஆகவே ஒரே சில்லு வாயாகவும் செவியாகவும் இருக்கலாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிக்கோலாஸ் பாம் குழுவினர் கதீட்டர் என்னும் மெல்லிய குழலின் நுனியில் இத்தகைய 32 சில்லுகளை வளையமாகப் பதித்து, 1972-இல் அதை வெளியிட்டனர். அதன் தடிப்பு சுமார் 3 மி.மீ. இதய அறைகளைக் காண அது போதும். ஆனால் இதயத்தின் பெரிய இரத்தக் குழாயே 3 அல்லது 4 மி.மீ. அகலந்தானே!

எனவே நுனியைச் சுமார் 1 மி.மீ. அளவிற்குக் குறைக்க வேண்டியதாயிற்று. இங்கே நம் பௌதிகக் கணக்கு ஒன்று வருகிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். அதிர்வெண் 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 0.077 மி.மீ. சில்லுகளுக்கிடையே இதைவிட அதிக இடைவெளி இருந்தால், வேண்டாத திசைகளிலும் ஒலிக்கற்றை கிளம்பிப் பொய்யான எதிரொலி வரும். 1 மி.மீ. குறுக்களவுள்ள வளையத்தின் சுற்றளவு 3.14 மி.மீ.; அதில் 64 சில்லுகள் வைத்தால் இடைவெளி 0.05 மி.மீ. கணக்குச் சரியாகிவிட்டது! பீங்கான் தகட்டை வளையும் மின்சுற்றுத் தாளில் ஒட்டி, நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிவிடுகிறார்கள்.

அடுத்த தொல்லை கம்பிகள். 64 சில்லுகளுக்கும் தனித்தனிக் கம்பி என்றால் குழலில் இடமேது? நடுவே 0.36 மி.மீ. வழிகாட்டிக் கம்பி வேறு போகவேண்டும். ஆகையால் நுனியிலேயே நுண்சுற்றுகளை வைத்து, சில்லுகளை முறைபோட்டு இயக்கிச் சில கம்பிகளோடு முடித்துக்கொள்கிறார்கள். முறைமுறையாக வரும் எதிரொலிகளைக் கணிப்பொறி சேர்த்துப் படமாக்குகிறது.

இன்னொன்று உண்டு. நம் பள்ளி மணியை அடித்தபின் ரீங்காரம் நீடிக்கிறதல்லவா? சில்லும் அப்படியே. 2 மி.மீ. தொலைவிலுள்ள சுவரிலிருந்து எதிரொலி 2.6 மைக்ரோ நொடியில் திரும்பிவிடும். அதற்குள் ரீங்காரம் அடங்காவிட்டால் ஒன்றும் கேளாது. மணியைக் கையால் பிடிப்பதுபோல், சில்லின் பின்புறம் அதிர்வை விழுங்கும் பொருளைப் பூசுகிறார்கள்.

ஒரே சில்லைச் சுழலவிடும் கருவிகளும் உண்டு. அவை 40 மெகாஹெர்ட்சிற்கு மேலும் இயங்குவதால் படம் இன்னும் நுணுக்கமானது. ஆனால் வளைவுகளில் சுழற்சி தடைப்பட்டால் படம் கோணும். எனக்கென்னவோ சுழலாத வளையமே பிடித்திருக்கிறது.

தாத்தாவிற்கும் அதையே செலுத்திப் பார்த்தார்கள். ஆஞ்சியோகிராமை வைத்து 3 மி.மீ. ஸ்டென்ட் என்று எண்ணியிருந்த மருத்துவர், சுவரைப் பார்த்தபின் 3.5 மி.மீ. வைத்தார்.