போர்முனையிலிருந்து அலிகாருக்கு: ஒரு தளபதியின் கல்விப் பணி

பாசறையில் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன பணி? இவ்வினா திண்ணைப் பேச்சாக நின்றுவிடவில்லை. 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திலேயே எழுந்தது. துணைவேந்தராவதற்குப் பத்தாண்டுக் காலப் பேராசிரியர் அனுபவம் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வகுத்த விதி. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது வீற்றிருந்தவரோ வகுப்பறையில் ஒருநாளும் பேராசிரியராகப் பணியாற்றாதவர். அவர்தாம் லெப்டினன்ட் ஜெனரல் ஜமீருத்தீன் ஷா.

விதி நியாயமானதே. ஆசிரியர்களை வழிநடத்துபவர் ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பிழையில்லை. ஆயினும் இம்மனிதரின் ஐந்தாண்டுப் பணியைக் கூர்ந்து நோக்கினால், அவர் செய்த நற்செயலும் சறுக்கிய இடமும் ஆகிய இரண்டும் நமக்குப் பாடமாகின்றன.

தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயின்று 1968-இல் பீரங்கிப் படைப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தவர் ஷா. 1971-ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தானப் பாலைவனத்தின் லோங்கேவாலாப் பகுதியில் பணியாற்றினார். பின்னர் சவூதி அரேபியாவில் இந்தியத் தூதரகத்தின் படைத்துறைப் பிரதிநிதியாக இருந்தார். இராணுவத் துணைத் தலைமைத் தளபதிகளுள் ஒருவராக உயர்ந்து, பரம விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்று, 2008-இல் ஓய்வு பெற்றார். நாடறிந்த திரைக்கலைஞர் நசீருத்தீன் ஷா இவருடைய இளவல் என்பதைப் பலர் அறியார்.

அவரது படைவாழ்வில் மிகக் கடுமையான சோதனை எல்லையில் வரவில்லை, நாட்டுக்குள்ளேயே வந்தது. 2002-இல் குஜராத் எரிந்துகொண்டிருந்தபோது அமைதியை மீட்க அனுப்பப்பட்ட படைப் பிரிவுக்கு அவரே தலைமை தாங்கினார். வீரர்கள் அகமதாபாத் விமானத் தளத்தில் வந்திறங்கிய பின்னரும், நகருக்குள் செல்ல வாகனங்கள் உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்று தம் நூலில் அவர் பதிவு செய்துள்ளார். அக்கூற்றை மறுத்தோரும் உண்டு. அவ்விவாதத்துக்குள் இக்கட்டுரை புகவில்லை. ஆனால் எரிந்த தெருக்களைக் கண்ணாரக் கண்ட ஒரு முஸ்லிம் தளபதி, பிற்காலத்தில் தம் சமுதாயத்தின் பிணிக்குக் கல்வியே மருந்து என்று மீண்டும் மீண்டும் கூறியதை, மேடைக்காகச் சொன்ன சொல்லென்று ஒதுக்கிவிட இயலாது.

2012 மே மாதம் அலிகாரில் பொறுப்பேற்றார். சர் சையத் அகமது கான் 1875-இல் வித்திட்டு, 1920-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்த நிலையம் அது. ஓய்வுபெற்ற தளபதி வந்துவிட்டார், இனி அணிவகுப்பும் தண்டனையும்தான் என்று எண்ணுவது இயல்பே. அவரது பணிக்காலத்தில் நாம் கருத்தூன்ற வேண்டியதோ வேறொன்று: மதரஸா மாணவர்களுக்காக 2013-இல் தொடங்கப்பெற்ற ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ எனும் ஓராண்டு இணைப்புப் படிப்பு.

இதன் அருமையை உணர, மதரஸாவில் ஓதி முடித்த ஓர் இளைஞரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அரபு இலக்கணமும் ஹதீஸும் ஃபிக்ஹும் கற்றவர்; கடினமான உரைநூல்களை வரிவரியாகப் பிரித்தறியும் பயிற்சி பெற்றவர். அறிவில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் பல்கலைக்கழக வாயிலில் நின்றால் அரபு, உருது, இஸ்லாமியவியல் போன்ற சில துறைகளின் கதவுகளே அவருக்குத் திறக்கும். சட்டம், பொருளியல், ஆங்கில இலக்கியம் என்றால், ஆங்கிலமும் சமூக அறிவியலும் அவர் கற்கவில்லையே என்ற தடை முன்னிற்கும். அவரிடம் இல்லாதது ஆற்றலன்று. இடையில் ஒரு படிக்கட்டே. அந்தப் படிக்கட்டாகவே ஓராண்டுப் பயிற்சி அமைந்தது. ஆங்கிலமும் நவீனக் கல்வியின் அடிப்படைகளும் கற்று, அதன்பின் அவர்கள் பிற பட்டப் படிப்புகளுக்குச் செல்ல வழி பிறந்தது.

வேறொரு நன்மையும் விளைந்தது. தேவ்பந்த் மரபினரும் பரேல்வி மரபினரும் அஹ்லே ஹதீஸ் மரபினரும் தத்தம் மதரஸாக்களில் தனித்தனியே பயில்பவர்கள். அவர்கள் ஒரே வகுப்பறையில் அருகருகே அமரும் வாய்ப்பை இப்படிப்பு அளித்தது. நம் ஊர்ப் பெரியோர்கள் இதன் பொருளை நன்குணர்வர்.

இனிச் சறுக்கலைக் கூறாது விடுவது முறையன்று. அலிகாரின் மகளிர் கல்லூரி, ஷேக் அப்துல்லாவும் அவர்தம் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் எதிர்ப்புகளுக்கிடையே 1906-இல் தொடங்கிய பெண்கள் பள்ளியிலிருந்து வளர்ந்தது. அக்கல்லூரியின் இளநிலை மாணவியர், பல்கலைக்கழகத்தின் பெருமைக்குரிய மௌலானா ஆசாத் நூலகத்தைப் பயன்படுத்த இசைவு வேண்டினர். அம்மறுப்பு நெடுநாள் வழக்கமே, ஷா புகுத்தியதன்று. ஆனால் 2014 நவம்பரில் அக்கோரிக்கைக்கு அவர் இடப் பற்றாக்குறையைக் காரணம் காட்டியதோடு, மாணவியர் வந்தால் மாணவர் கூட்டம் நான்கு மடங்காகும் என்று கூறியதாகவும் செய்தி வெளியாயிற்று. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. அதன்பின் மாணவியர்க்கு நூலகக் கதவு திறந்தது.

இருக்கைகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்வது படைமுகாமில் பழகிய முறை. எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேருக்கு உணவு என்ற கணக்கு அங்கே உயிர்காக்கும். நூல் வேண்டி நிற்கும் மாணவியிடம் அக்கணக்கைக் கூறினால், அவள் செவியில் விழுவது “உனக்கு இடமில்லை” என்ற ஒரு சொல்லே. மதரஸா மாணவரின் முன்னிருந்த தடையைத் துல்லியமாகக் கண்ட நிருவாகம், தன் வளாகத்து மாணவியின் முன்னிருந்த தடையைக் காணத் தவறியது ஏன்? முன்னவருடைய தேவையை அவருடைய இடத்திலிருந்து நோக்கினர். பின்னவளுடைய தேவையை நூலகத்தின் இடத்திலிருந்து நோக்கினர் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த வேறுபாடு தளபதிக்கு மட்டும் உரியதன்று. சேர்க்கை நாளில் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து, “இந்தத் துறையில் இடமில்லை, அந்தத் துறையில் சேர்ந்துகொள்” என்று கூறும் பேராசிரியர்களாகிய நாமும் அவ்வாறே செய்கிறோம்.

2017 மே மாதத்தில் ஷாவின் பதவிக்காலம் நிறைவுற்றது. அடுத்து வந்த தாரிக் மன்சூர் அறுவை மருத்துவப் பேராசிரியர். 2018-இல் ‘தி சர்க்காரி முசல்மான்’ என்ற தலைப்பில் ஷாவின் தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் துணைத்தலைப்பில் அவர் தம்மைத் தளபதி என்றோ துணைவேந்தர் என்றோ குறிக்கவில்லை. போர்வீரர், கல்வியாளர் என்ற இரு சொற்களையும் அங்கே அருகருகே வைத்திருக்கிறார்.