கால்நடைகளின் பசியும் குடற் சுரப்புக்களும்

காலபோக அறுவடை முடிந்து வைக்கோற் போர் உயர்ந்திருக்கும் காலத்திலும் சில கமக்காரரின் மாடுகள் மெலிந்தே நிற்கக் காணலாம். நாள்தோறும் தேங்காய்ப் புண்ணாக்கை அள்ளி வைத்தும், மாடு வைக்கோலை முகர்ந்துவிட்டு விலகிவிடுகின்றது என முறையிடுவோர் உளர். இதற்குக் கண்ணூறு காரணமன்று. பசியை எழுப்புவதிலும் அடக்குவதிலும் வயிறும் குடலும் மூளைக்கு விடுக்கும் செய்திகளுக்குப் பெரும் பங்குண்டு.

1902 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் பேலிஸ், ஸ்ராலிங் என்னும் அறிஞர் இருவர், சிறுகுடலிற் சுரக்கும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று கணையத்தை இயக்குதலைக் கண்டனர். இத்தகைய பொருள்களுக்கு 1905 இல் ஸ்ராலிங் வழங்கிய பெயரே ஓமோன் என்பதாகும். கொழுப்பும் புரதமும் சிறுகுடலை அடையும்போது கோலெசிஸ்தோகைனின் என்னும் ஓமோன் வெளிப்படும். இது உண்ணுதலைக் குறைக்கும் என்பது 1973 இல் எலிகளிற் காட்டப்பட்டது. இதற்கு மாறாக, பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் ஓமோனை 1999 இல் யப்பானியர் எலியின் இரைப்பையிற் கண்டுபிடித்தனர்.

வேளை தவறாது தீனி வைக்கப்பட்ட செம்மறிகளின் இரத்தத்தில், தீனி வைப்பதற்குச் சற்று முன்னரே கிறெலின் உயர்ந்து, உண்டபின் தாழ்ந்தது. எந்நேரமும் தீனி முன்னிருந்த செம்மறிகளில் இவ்வாறான ஏற்றம் காணப்படவில்லை. கோழிக்குஞ்சுகளிலோ, கிறெலினைச் செலுத்தியபோது அவை குறைவாகவே தின்றன! ஒரு பிராணியிற் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றுரைத்தல் தகாது.

இனி மாட்டுக்கு வருவோம். வைக்கோல் தின்னும் மாட்டின் பசியை முதலில் அடக்குவது ஓமோன் அன்று; பெருவயிற்றின் நிறைவேயாம். வைக்கோலிற் புரதம் மிகக் குறைவு. ஆதலால் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெல்லவே சிதைக்கும். வயிறு காலியாகத் தாமதமாகும். சிறிதளவு புண்ணாக்கு அவ்வுயிர்களுக்கு வேண்டிய புரதத்தைக் கொடுப்பதால், மாடு முன்னரிலும் கூடிய வைக்கோலைத் தின்னும். அளவு மீறினால் நிகழ்வது வேறு. ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் நூற்றுக்கு சுமார் 10 பங்கு எண்ணெய் எஞ்சியிருக்கும். அவ்வெண்ணெய் நுண்ணுயிர்களின் வேலையைத் தடுப்பதோடு, சிறுகுடலை அடைந்து, போதுமென்னும் செய்தியையும் மூளைக்கு அனுப்புவிக்கும். உலர்தீனி முழுவதிலும் எண்ணெய் நூற்றுக்கு 6 பங்கை மீறலாகாது. நாளொன்றுக்கு 5 கிலோ உலர்தீனி கொள்ளும் ஊர்மாட்டுக்கு, அதில் 3 கிலோ புண்ணாக்காயின் புண்ணாக்கு எண்ணெயே இவ்வெல்லையை எட்டிவிடும். காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு, காசின்றிக் கிடைத்த வைக்கோலை வீணாக்கிவிடுகின்றது. அரைக் கிலோவிற் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுக. காலையில் எஞ்சிக் கிடக்கும் வைக்கோலைக் கவனித்தால், எங்கே நிறுத்தவேண்டுமென்பது புலப்படும்.

தீனி சரியாயிருந்தும் ஆடு மாடுகள் உண்ணாவிடின் குடற் புழுக்களை ஐயுறல் வேண்டும். சிறுகுடற் புழுக்கள் தொற்றிப் பசி குன்றிய செம்மறிகளின் இரத்தத்தில் கோலெசிஸ்தோகைனின் மிகுந்திருந்தமை 1981 இல் ஆவுஸ்திரேலியாவில் வெளியான ஆராய்ச்சியிற் காணப்பட்டது. அஃதாவது, குடல் வெறுமையாயிருந்தும் நிறைந்ததென்ற செய்தியே மூளைக்குச் செல்கின்றது போலும். இந்நிலையிற் தீனியை மாற்றிக்கொண்டிருத்தல் பயனில்லை. புதுச் சாணத்தை அல்லது புழுக்கையைச் சிறு போத்தலிலிட்டு, தாமதியாது அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டி, பிராணியின் நிறைக்கேற்ற அளவில் மருந்து பெற்றுக் கொடுக்குக.