தலைகீழ் பிளக் பொயின்ட்டும் தராத மிச்சக் காசும்

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் சமையலறைக்கும் இரண்டு அறைகளுக்கும் புதிதாக வயரிங் செய்வித்து 14 மாதங்களாகின்றன. 13 அம்பியர் பிளக் பொயின்ட்டுகள் எல்லாவற்றையும் எர்த் துளை கீழே வரும்படி தலைகீழாகப் பூட்டியிருக்கிறார் வயரிங் பாஸ். பிரிட்ஜ் வயர் மேலே கிளம்பி மடங்கித் தொங்குகிறது. கேட்டால், "எப்படிப் பூட்டினாலும் கரண்ட் வரும்தானே, மிஸ்" என்கிறார். மிச்சம் 45,000 ரூபாயை நான் கொடுக்கவில்லை. இப்போது வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். தலைகீழாகப் பூட்டுவது சட்டவிரோதமா? நான் அவர்மீது வழக்குப் போடலாமா?
– வாசகி, ஹெவ்லொக் டவுன்

பதில்: தலைகீழாகப் பூட்டியது மட்டும் குற்றமாகாது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016இல் சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக்கை நாட்டின் ஒரே வகையாகத் தெரிவு செய்தது. வீடுகளில் உள்ள பழைய வட்ட முள் பொயின்ட்டுகளுக்கு 2038 வரை அவகாசமும் தந்தது. அந்தத் தீர்மானம் பிளக்கின் வகையைப் பற்றியது, திசையைப் பற்றியதல்ல. எர்த் மேலே இருப்பது தொழில் வழக்கம். வயர் கீழ்நோக்கி இறங்க வேண்டும் என்று எண்ணித்தான் அந்தப் பிளக்கையே வடிவமைத்திருக்கிறார்கள்.

உங்கள் விடயத்தைத் தீர்மானிக்கப்போவது வேறொன்று. தட்டை முழுதாகத் திருப்பினால் உள்ளிருக்கும் முனைகளும் சேர்ந்தே திரும்பும், ஆபத்தில்லை. ஆனால் "வலப்பக்கம் லைன்" என்ற கைப்பழக்கத்தில் அவர் வயரைக் கொடுத்திருந்தால் லைனும் நியூட்ரலும் மாறியிருக்கும். அப்போது சுவிட்சை அணைத்தாலும் பிரிட்ஜுக்குள் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கூலிக்குச் செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஒப்பந்தத்துக்குள் தானாகவே சேர்க்கும் உத்தரவாதம். அதை அவர் மீறினாரா என்பதே கேள்வி. எனவே தகைமைச் சான்றிதழ் உள்ள வேறொரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒவ்வொரு பொயின்ட்டையும், எர்த்தையும், ட்ரிப் சுவிட்சையும் சோதித்து, திகதியும் கையொப்பமும் இட்ட அறிக்கை வாங்குங்கள். அதுவரை எதையும் கழற்றிப் பூட்ட வேண்டாம். படங்களும் எடுத்து வையுங்கள்.

இனி, நீங்கள் விரும்பாத பகுதி. எழுத்தில் மதிப்பீடு இல்லை, பில் இல்லை, கொடுத்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை, அவருடைய முழுப்பெயர்கூடத் தெரியாது என்று கடிதத்தின் மீதிப் பகுதியில் சொல்கிறீர்கள். மீன் வாங்கினால் நிறுவையைப் பார்க்கிறோம், வீட்டுச் சுவருக்குள் கரண்ட் ஓட விடும்போது ஒரு துண்டுக் கடதாசி கேட்கமாட்டோமா? அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட உங்களுக்கு இருந்தது மூன்று மாதம். பூட்டிய அன்றே கண்ணில் பட்ட குறைக்கு 14 மாதம் என்ன யோசனை? அந்தக் கதவு சாத்தியாயிற்று. வாய்மொழி ஒப்பந்த மீறலுக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. உங்களுக்கு மிச்சமிருப்பது அது மட்டுமே.

தாமதம் பாஸையும் பாதிக்கக்கூடும். செய்த வேலைக்கான கூலியை, அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டு வழக்கிட வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால் எழுத்தில் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு சிறு தொகையைக் கொடுத்தாலோ அந்த ஒரு வருடக் கணக்குப் புதிதாகத் தொடங்கலாம். "மிச்சத்தைப் பிறகு தருகிறேன்" என்று வட்ஸ்அப்பில் எப்போதாவது எழுதினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், இனி அதில் எதையும் எழுதவும் வேண்டாம். பொருள் விலையும் கூலியும் ஒரே தொகையாகப் பேசப்பட்டிருந்தால் நிலைமை மாறலாம். ஆகவே 45,000 ரூபாய் தப்பிற்று என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

இவ்வளவு சிறிய தொகைப் பிணக்கு நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, செலவும் அநேகமாக இல்லை. போகும் முன், அறிக்கை, படங்கள், வட்ஸ்அப் பதிவுகளோடு ஒரு சட்டத்தரணியை நேரில் சந்தியுங்கள். ஆவணங்களைப் பார்க்காமல் எழுதிய இந்தப் பதிலை மட்டும் நம்பி எதுவும் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து பாஸுக்கு அனுப்பவும் வேண்டாம்.