ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்தால்

குடிசன மதிப்பீட்டுக்கு வரும் உத்தியோகத்தர், வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மறுமுறை ஒருவர் வருவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். அன்று ஏழையாயிருந்தவர்தாமா இன்றும் ஏழை, அல்லது இவர் வேறொருவரா என்பதை அந்தக் கணக்குச் சொல்லாது.

இதனை அறியும் முயற்சியொன்று அமெரிக்காவிலே 1968இல் ஆரம்பமாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கெதிரான போரைப் பிரகடனஞ் செய்திருந்தார். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மோர்கன் என்பாரும் அவர் குழுவினரும் சுமார் 5000 குடும்பங்களைத் தெரிந்தெடுத்தனர். 1997 வரை ஆண்டுதோறும், பின்னர் ஈராண்டுக்கொருமுறை, அதே குடும்பங்களையே வினவி வந்தனர். பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அவர்களையும் விடவில்லை.

கண்டது என்ன? 1969 முதல் 1978 வரையான பத்தாண்டுகளில், ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஓராண்டாவது வறுமையில் வாழ்ந்திருந்தார். ஆனால் எட்டாண்டோ அதற்கு மேலோ அதிலே கிடந்தவர்கள் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. வேலை போயிற்று, குடும்பத் தலைவர் நோயுற்றார், கணவனும் மனைவியும் பிரிந்தனர், குடும்பம் சரிந்தது. பலர் மீண்டும் எழுந்தனர். ஏழை என்றால் சோம்பேறி, என்றும் அப்படியே இருப்பவன் என்று பேசுவோர் இதனைச் சற்றே சிந்திக்கட்டும். நீங்காத வறுமையில் இருந்தோரிலோ கறுப்பின மக்களும், தாய் தனித்து நடத்தும் குடும்பங்களும் தங்கள் தொகைக்கு மிஞ்சிக் காணப்பட்டனர்.

இதைக் கேட்டு ஆறுதலடைய வேண்டாம். தந்தையரிடையேயுள்ள வருமான வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதிலும் குறைவோதான் மக்களைத் தொடர்கிறது என்று பொருளியலாளர் முன்னர் நம்பியிருந்தனர். ஒரே ஓர் ஆண்டின் வருமானத்தை வைத்து அளந்ததால் வந்த பிழை அது. நல்லாண்டும் உண்டு, கெட்டாண்டும் உண்டல்லவா? பல ஆண்டுகளின் சராசரியை எடுத்து, இதே குடும்பங்களின் தந்தையரையும் ஆண்மக்களையும் ஒப்பிட்டார் கரி சோலன். 1992இல் அவர் வெளியிட்ட முடிவின்படி அது ஐந்தில் இரண்டு பங்காவது ஆகும். தகப்பனும் மகனும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிராவிட்டால் இது வெளிப்பட்டிராது.

இப்போது அந்த ஏட்டிலே பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.