பிஷிங்: எழுத்து மாறிய தூண்டில்

இண்டர்நெட் இணைப்பு பெற்ற புதிதில் பலரைக் குழப்பும் ஆங்கிலச் சொல் 'பிஷிங்'. எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என்னிடம் பொருள் கேட்டவர்கள், "மீன் பிடிப்பதுதானே? எழுத்துப் பிழையா?" என்றார்கள். உச்சரிப்பு மீன்பிடித்தலுக்கு உரியதுதான். ஆனால் முதலில் 'எஃப்' எழுத்துக்குப் பதிலாக 'பி', 'எச்' என்ற இரு எழுத்துகள் வரும். இது பிழையல்ல, வேண்டுமென்றே மாற்றியது.

சொல் வந்த வழி

1970களில் அமெரிக்காவில் டெலிபோன் நிறுவனங்களை ஏமாற்றி இலவசமாகப் பேசியவர்கள் 'போன் பிரீக்' எனப்பட்டனர். 'போன்' என்பதன் முதல் இரு எழுத்துகளையே 'பிரீக்' என்பதற்கும் ஒட்டிக் கொண்டனர். 1990களின் நடுவில் ஏஓஎல் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டைத் திருடியவர்கள் இதே பாணியில் 'பிஷிங்' என்று எழுதினர் எனக் கருதப்படுகிறது.

பயன்படுத்தும் முறை

போலி மெயில் 'பிஷிங் மெயில்', போலித் தளம் 'பிஷிங் சைட்', எஸ்.எம்.எஸ். வழியே வந்தால் 'ஸ்மிஷிங்'. போனில் பேசி ஏமாற்றினால் 'விஷிங்'. இவற்றை வைரஸ் என்று சொல்லக் கூடாது. வைரஸ் கம்ப்யூட்டரைத் தாக்கும். பிஷிங் உங்களையே நம்ப வைக்கும். எனவே ஆன்டி வைரஸ் மட்டும் போதாது.

நம் ஊரில் நடந்தது

ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்தார். 2007ல் வங்கி அனுப்பியது போன்ற மெயில் அவருக்கு வந்தது. கேட்ட பாஸ்வேர்டை அனுப்பினார். ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் வேறு கணக்கிற்குப் போய்விட்டது. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி புகார் செய்தார். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர், தீர்ப்பு அதிகாரி என்ற முறையில், ரூ.12.85 லட்சம் தருமாறு 2010 ஏப்ரலில் வங்கிக்கு உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. பணம் போவதற்குச் சில நிமிடங்கள் போதும். திரும்பப் பெற ஆண்டுகள் ஆகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. சொல்லைப் போலவே தள முகவரியிலும் ஒரு எழுத்து மாறியிருக்கும். எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

2. முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருந்தால் மட்டும் நம்பாதீர்கள். முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் '.பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

3. மெயிலில் உள்ள லிங்க்கில் கிளிக் செய்யாமல், முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள்.

4. பாஸ்வேர்ட், ஓடிபி எதையும் மெயிலில் அனுப்பாதீர்கள். "உடனே அனுப்பாவிட்டால் கணக்கு முடங்கும்" என்ற அவசரமே தூண்டில் புழு.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.