மலையிடுக்கில் ஒரு தமிழ்ப்பாடம்



கடந்த கோடை விடுமுறையில் எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்களுடனும் பெற்றோர் சிலருடனும் பேர்ண் மாநிலத்திலுள்ள மைரிங்கன் என்னும் ஊருக்குச் சென்றோம். அங்கே ஆரே ஆறு பாறையை அறுத்துச் செல்லும் ஒடுங்கிய வழியில் நடந்துகொண்டிருக்கையில் மாணவி ஒருத்தி, "சேர், 'ஷ்லுக்ட்' எண்டதுக்குத் தமிழில என்ன?" என்று வினவினாள்.

நாம் சற்றுத் திகைத்தோம். யாழ்ப்பாணத்திற் புவியியல் கற்பித்த காலத்தில் 'மலையிடுக்கு' என்ற சொல்லைக் கரும்பலகையிற் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆயினும், ஒரு மலையிடுக்கையேனும் அக்காலத்திற் கண்ணாற் கண்டதில்லை. எமது குடாநாட்டில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கீரிமலை என்னும் ஊர்ப்பெயரில் மட்டுமே மலை உண்டு. சொல்லை அறிந்த எமக்குப் பொருள் தெரியாதிருந்தது. பொருளை நேரிற் காணும் எமது பிள்ளைகளுக்கோ சொல் தெரியவில்லை. இவ்விரண்டையும் ஒன்றுசேர்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அன்று காலை புறப்படும்போது ஒரு தாயார் எம்மிடம், "நாங்கள் நடந்தது காணாதே, மாஸ்ரர்? பிள்ளையளும் நடக்கவேணுமோ?" என்று கேட்டார். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்த பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். அவருக்கு அவ்வேளையில் எம்மால் விடைகூற முடியவில்லை.

மலையிடுக்கு உண்டாகும் விதம்

ஆற்றுநீர் தனியே பாறையை எளிதில் அறுப்பதில்லை. நீர் அள்ளிவரும் மணலும் கூழாங்கற்களுமே அரம்போல நின்று பாறையை அராவுகின்றன. சுழிக்கும் நீரில் அகப்பட்ட கற்கள் ஓரிடத்திலேயே சுழன்று சுழன்று, ஆட்டுக்கல்லின் குழிபோன்ற வட்டக் குழிகளைக் குடைகின்றன. இத்தகைய குழிகள் ஒன்றோடொன்று கூடும்போது ஆற்றின் படுக்கை மேலும் ஆழமாகின்றது.

இரு கரைகளும் மென்மையான மண்ணாயின் அவை சரிந்து விழும், பள்ளத்தாக்கு அகன்றுவிடும். கரைகள் கடினமான பாறையாயின் சரியாது நிற்கும்; ஆறு கீழ்நோக்கி மட்டும் அறுத்துக்கொண்டு போகும். இவ்வாறு சுவர்கள் செங்குத்தாக நிற்க, அவற்றிடையே ஆழமும் ஒடுக்கமுமாக அமைந்த வழியே மலையிடுக்கு எனப்படும்.

ஆரே மலையிடுக்கு

மைரிங்கனுக்கும் இன்னர்ட்கிர்ஹென் என்னும் ஊருக்கும் இடையே கிர்ஹெட் என்ற சுண்ணாம்புக்கல் மேடு பள்ளத்தாக்கைக் குறுக்கே மறித்து நிற்கின்றது. பனியுகங்களில் இப்பள்ளத்தாக்கைப் பெரும் பனிக்கட்டியாறு நிரப்பியிருந்தது. அது தன் வழியிலிருந்த பாறைகளைத் தேய்த்துச் சென்றபோதும் கடினமான கிர்ஹெட் மேட்டை முற்றாக அழிக்க இயலவில்லை. பனிக்கட்டியின் அடியிற் பாய்ந்த உருகுநீர் அம்மேட்டை அறுத்து வழி தேடிக்கொண்டது. அவ்வாறு உண்டான பழைய இடுக்குகள் சில இன்று கல்லும் மண்ணும் நிரம்பிக் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. இன்று ஆறு ஓடுவது அவற்றுள் இளைய வழியிலாகும்.

இவ்விடுக்கு ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர் நீளமானது. இதன் சுவர்கள் சில இடங்களில் 200 மீற்றர் வரை உயர்ந்துள்ளன. மிக ஒடுங்கிய இடத்திலோ இரு சுவர்களுக்குமிடையே ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமே உண்டு. அங்கு நின்று கைகளை விரித்தால் இரு பாறைகளையும் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். 1888 ஆம் ஆண்டிற் பாறையிற் பொருத்திய நடைபாதை அமைக்கப்பட்ட பின்னரே பொதுமக்கள் இதனுட் செல்ல முடிந்தது. இன்று பலகைப் பாதையாலும் பாறையைக் குடைந்த சுரங்கங்களாலும் சிறுவரும் அச்சமின்றி நடந்து செல்லலாம்.

நீரின் நிறத்தைக் கண்டு மாணவர்கள் வியந்தனர். அது சாம்பல் கலந்த பச்சை நிறமாயிருந்தது. பனிக்கட்டியாறுகள் பாறையை மாப்போல அரைக்கின்றன. அந்தக் கல்மாவே நீருக்கு இந்நிறத்தைத் தருகின்றது. இதே நீர் பிரியென்ஸ், தூண் ஏரிகளைக் கடந்து, பேர்ண் நகரைச் சுற்றி வளைந்து, முடிவில் றைன் ஆற்றோடு கலக்கின்றது. பேர்ண் நகரிற் கோடையில் நீந்தும் எமது பிள்ளைகள் இந்த இடுக்கினூடாக வந்த நீரிலேயே நீந்துகின்றனர். அந்த நீரை ஊட்டும் பனிக்கட்டியாறுகள் இன்று விரைவாகத் தேய்ந்து வருகின்றன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் கனவளவிற் பத்திலொரு பங்கை இழந்தன.

வேறு இரு இடுக்குகள்

கிறவ்புண்டன் மாநிலத்தில் தூசிஸ், சில்லிஸ் என்னும் ஊர்களுக்கிடையே வியாமாலா என்ற மலையிடுக்கு உள்ளது. ஏறத்தாழ 300 மீற்றர் ஆழமான இவ்விடுக்கினூடாகப் பின்றைன் ஆறு பாய்கின்றது. றொமான்ஷ் மொழியில் இப்பெயர் 'தீயவழி' எனப் பொருள்படும். இத்தாலிக்குப் பொதி சுமந்து சென்றோர் அஞ்சி அஞ்சிக் கடந்த வழி இதுவாகும். 1473 ஆம் ஆண்டில் அயலூர் மக்கள் ஒன்றுகூடி உடன்படிக்கை எழுதி, இவ்வழியைத் தாமே திருத்தியமைத்தனர். பெயர் தீயவழியாகவே நிலைத்துவிட்டது, வழியோ நல்வழியாயிற்று.

பாட் றகாஸ் ஊருக்கு அண்மையிலுள்ள தமினா இடுக்கில் 36.5 பாகை செல்சியஸ் வெப்பமுடைய ஊற்று சுரக்கின்றது. முற்காலத்தில் நோயாளரைக் கயிற்றிற் கட்டி இடுக்கினுள் இறக்கி நீராட்டினர் என்பர். பரசெல்சஸ் என்னும் மருத்துவர் 1535 இல் இந்நீரின் பயனைப் பற்றி எழுதினார். 1840 இல் இந்நீர் குழாய்வழியே றகாஸ் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

நமது ஊர்க் கல்லும் இவ்வூர்க் கல்லும்

கிர்ஹெட் மேட்டின் சுண்ணாம்புக்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல்லே. அதுவும் கடலிற் பிறந்ததே, ஆயின் காலத்தால் மிக இளையது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டு நிலத்தின் கீழே இறங்கி, அங்கே குகைகளையும் வழிகளையும் உண்டாக்குகின்றது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணறும் கடலோரத்துக் கீரிமலைக் கேணியும் இதற்குச் சான்றாகும். இங்கே நீரின் வேலை கண்ணெதிரே தெரிகின்றது; அங்கே அது காலடியில் மறைந்திருக்கின்றது. அடுத்த முறை பாட்டன் பாட்டியைக் காணச் செல்லும் பிள்ளைகள் நிலாவரையை எட்டிப் பார்க்கையில் ஆரே இடுக்கையும் நினைத்துக்கொள்வார்களாக.

கற்கவேண்டிய சொற்கள்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று மனனம் செய்கிறோம். அந்நிலத்துக்கு நமது மொழியிலுள்ள சொற்கள் சிலவற்றை அன்று வழிநெடுகப் பொருளைக் காட்டியே கற்பித்தோம்.

விடர் – மலையிலுள்ள பிளவு.
முழை – மலைக்குகை.
துறுகல் – உருண்டு திரண்ட பெரும்பாறை.
சுனை – மலையில் நீர் ஊறித் தேங்கும் இடம்.
சாரல் – மலைப்பக்கம்.
கணவாய் – மலைகளைக் கடந்து செல்லும் வழி.
சிலம்பு – மலை. சிலம்புதல் என்றால் எதிரொலித்தல்.

ஒரு மாணவன் சுரங்க வாயிலில் நின்று தன் பெயரை உரக்கக் கூவினான். பாறை அதைத் திருப்பிக் கூவியது. மலைக்குச் சிலம்பு என்று ஏன் பெயர் வந்தது என்பதை அதன்பின் நாம் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நடப்போர் கவனத்திற்கு

1. இடுக்கினுள் வானம் சிறிதளவே தெரியும். மேலே தொலைவிற் பெய்யும் இடிமழை கீழே திடீர்ப் பெருக்காக வந்துவிடும். 1999 ஆம் ஆண்டு யூலை 27 ஆந் திகதி இன்டர்லாக்கனுக்கு அண்மையிலுள்ள சக்ஸெட் ஓடையில் இறங்கியிருந்தோரில் 21 பேர் இவ்வாறே உயிரிழந்தனர். இடிமழை எதிர்பார்க்கப்படும் நாளில் ஓடைப் படுக்கையில் இறங்கலாகாது.
2. மின்நிலைய அணைகளுக்குக் கீழே நீர் முன்னறிவிப்பின்றி உயரலாம். ஆற்றோர எச்சரிக்கைப் பலகைகளை மதித்து நடத்தல் வேண்டும். இடுக்கின் வேலியைத் தாண்டலாகாது.
3. மஞ்சட் குறி இலகுவான பாதையைக் காட்டும். வெள்ளை–சிவப்பு–வெள்ளை மலைப்பாதையையும், வெள்ளை–நீலம்–வெள்ளை தேர்ந்தோர் மட்டும் செல்லும் உயர்மலைப் பாதையையும் காட்டும்.
4. உறுதியான சப்பாத்து, மழையங்கி, குடிநீர் என்பன அவசியம்.

இக்குறிகளின் பின்னாலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். யோகான் யாக்கோப் எஸ் என்பவர் 1930 இல் தம் மாணவருடன் கிளவுசன் கணவாயில் நடந்தபோது மோட்டார் வண்டிகளின் தொல்லையால் வருந்தினார். நடப்போருக்கென வேறு பாதை வேண்டும் என எண்ணினார். அவரது முயற்சியால் 1934 இல் இந்நாட்டின் நடைபாதைச் சங்கம் தோன்றியது. 1979 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நடைபாதைகள் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றன. இன்று ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளமான பாதைகள் குறியிடப்பட்டுள்ளன.

நிறைவாக

இடுக்கின் கீழ்வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் ஒரு மஞ்சட் பலகை நின்றது. காலையில் எம்மிடம் வினவிய தாயார் அதன்முன் நின்று, ஊர்ப்பெயர்களையும் அவற்றின் அருகே குறித்திருந்த நேரத்தையும் மெல்ல வாசித்தார். பின்பு, "எங்க போறம், எவ்வளவு நேரம் எண்டெல்லாம் போட்டிருக்கு, மாஸ்ரர். அப்பிடியெண்டால் நடக்கலாம்" என்றார். நாம் கூறமுடியாதிருந்த விடையை அவரே கூறிவிட்டார்.

பெற்றோர்களே, எமது நடை வேறு, பிள்ளைகளின் நடை வேறு. அவர்களோடு கூட நடவுங்கள். வழியிற் காண்பவற்றின் தமிழ்ப்பெயரைச் சொல்லிக்கொடுங்கள். தெரியாவிடின் எம்மைப்போலத் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. மலையிடுக்கின் சுவர்கள் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் யாது?
2. ஆரே ஆற்றின் நீர் சாம்பற்பச்சை நிறமாக இருப்பது ஏன்?
3. வியாமாலா என்ற பெயரின் பொருளைக் கூறி, அவ்வழி திருத்தப்பட்ட வரலாற்றை எழுதுக.
4. விடர், துறுகல், சுனை, சாரல் ஆகிய சொற்களை அமைத்து, நீர் நடந்த ஒரு மலைப்பாதையைப் பற்றிப் பத்து வசனங்கள் எழுதுக.
5. உமது தாய் தந்தையர் சிறுவயதில் நடந்த ஒரு வழியைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதுக.