கரும்பின் கணக்கு

பொங்கலுக்கு முந்திய நாள்களில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கும். கருஞ்செந்நிறத் தோலும் மெல்லிய சதையும் உடைய பன்னீர்க் கரும்பைப் பல்லால் கடித்தே தின்னலாம். ஆலைக்குச் செல்லும் கரும்பு அத்தகையதன்று. அதன் தோல் கடியது, நாரும் மிகுதி. ஆலைக் கரும்பின் மூதாதையருள் ஒன்று ஆற்றங்கரை நாணல் என்பதே இதற்குக் காரணம். இவ்வுறவின் நுட்பங்களை ஆராய்ந்த அறிஞர்களுள் ஒருவர் இந்நகரில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் இ. கே. ஜானகி அம்மாள்.

வட கேரளத்துத் தலசேரியில் 1897 நவம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். உயர்கல்விக்குச் சென்னை சென்று, இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்; பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். பெண்கள் பள்ளிப் படிப்பைக் கடப்பதே அரிதாயிருந்த காலம் அது. திருமணமா கல்வியா என்ற நிலை வந்தபோது அவர் கல்வியைத் தேர்ந்தார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். இன்று பாளையத்தில் உள்ள யூனிவர்சிட்டி கல்லூரி அதன் வழிவந்ததே. ஆயினும் வகுப்பறையைவிட நுண்ணோக்கியே அவரை மிகுதியாக ஈர்த்தது போலும். 1934இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார்.

அந்நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் இந்தியா ஜாவாத் தீவிலிருந்து பெருமளவு சர்க்கரையை இறக்குமதி செய்தது. சாறு மிக்க தென்னாட்டுக் கரும்பு வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. தாங்கிய வடநாட்டுக் கரும்போ மெலிந்து சாறு குறைந்திருந்தது. எனவே சார்லஸ் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ எனத் தமிழ்ப் பெயர் பூண்ட இனிப்புக் கரும்பை நாணலோடு கலந்தனர். அதில் பிறந்த ‘கோ 205’ என்னும் வகை வடநாட்டு வயல்களில் செழித்தது. ஆனால் அக்கலப்பினுள் நிகழ்ந்தது என்ன என்பதைச் செல்லுக்குள் நோக்கினால்தான் அறிய இயலும்.

ஒவ்வோர் உயிரின் செல்லிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்பவை அவையே. மனிதனுக்கு 46, இனிப்புக் கரும்புக்கு 80, நாணலுக்கோ இடத்திற்கேற்ப 40 முதல் 128 வரை மாறும். பொதுவாகத் தாயும் தந்தையும் தம் எண்ணிக்கையில் பாதியை மட்டுமே பிள்ளைக்கு அளிப்பர். அவ்வாறாயின், 80 உடைய கரும்பைத் தாயாகவும் 64 உடைய நாணலைத் தந்தையாகவும் கொண்ட செடியில் 72 இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112 இருந்தன! தாய்க்கரும்பு பாதியைத் தராமல் தன்னிடம் இருந்த 80ஐயும் தந்துவிட்டது. ஜாவாவில் பணியாற்றிய பிரெமர் என்ற டச்சு அறிஞர் இவ்வியப்பை முன்னரே கண்டிருந்தார். இத்தகைய கணக்குகளே ஜானகி அம்மாளின் நாள்தோறுமான பணியாயின. வேர்நுனியைப் பதப்படுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் நூறு இழைகளைப் பிழையின்றி எண்ணுதல் எளிதன்று. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்த அவரது ஆய்வு 1938இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்கு அவர் சென்றிருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பணியேற்றார். இரவில் குண்டுவீச்சு நிகழ்ந்தால் கட்டிலின் அடியில் ஒளிந்து, விடிந்ததும் உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு ஆய்வைத் தொடர்வார் என்பர். அறிஞர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் தொகுத்த ‘பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை’ 1945இல் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகள் அதில் உள்ளன. எத்தாவரம் எதற்கு உறவு, எது எங்கிருந்து பரவியது என்று ஒப்பிட்டுக் காண அது துணைநின்றது. கணினி இல்லாத காலத்தின் தரவுத்தளம் என்றே அந்நூலைக் கூறலாம்.

இன்று அப்பணியைக் கணினிகள் தொடர்கின்றன. குரோமோசோம்களை எண்ணுவதோடு நில்லாமல், அவற்றின் டி.என்.ஏ.வில் எழுதப்பட்ட வரிசை முழுவதையும் படிக்கும் துறையே மரபணுத்தொகுதியியல். படித்த கோடிக்கணக்கான எழுத்துகளைக் கணினியால் கோத்து ஒப்பிடுவது கணினிசார் உயிரியல்; திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. நெல்லின் மரபணுத்தொகுதி 2005 அளவிலேயே முழுமையாகப் படிக்கப்பட்டது. கரும்போ ஒரே குரோமோசோமின் பல படிகளைக் கொண்டிருப்பதால் அறிஞர்களை நெடுங்காலம் திணறச் செய்தது. ஆலைக் கரும்பு வகை ஒன்றின் விரிவான மரபணுத்தொகுதி 2024இல்தான் வெளியாயிற்று. அவ்வகையில் ஏறத்தாழ 114 குரோமோசோம்கள் உள்ளன.

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது, எண்பது வயதைக் கடந்த அவர் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முற்பட்டார். 1984 பிப்ரவரி 7ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பயிற்சி

1. 80 குரோமோசோம் உடைய கரும்பும் 64 உடைய நாணலும் கலந்தபோது 112 கிடைத்தது எவ்வாறு? கணக்கிட்டு எழுதுக.
2. குரோமோசோம் அட்டவணையைத் ‘தரவுத்தளம்’ எனக் கூறுவது பொருந்துமா? இரண்டு தொடர்களில் விடை எழுதுக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தம் ஊரில் கண்ட கரும்பு வகைகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக.